இரவு இரண்டரை மணிக்குக் கை தேடும் ட்யூப்

ராத்திரியில் எலி பிறாண்டுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று என் மகள் ஒருநாள் காலையில் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அன்றிரவு விழித்திருந்து அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். எலி எதுவும் இல்லை. அந்த எலி நான்தான். தூக்கத்தில் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கிற நோய், வந்து முப்பது வருடம் ஆகிறது. இரண்டு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்தின் இடப்பக்கம் இவையெல்லாம் பழைய குடியிருப்பாளர்கள். கண் இமை நான்கு வருடத்துக்கு முன்னால் புதிதாகக் குடிவந்தது. மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு கையில் சிவப்புப் பேனா இருக்கும், இன்னொரு கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கை எங்கே போகும் என்று எக்ஸிமாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண் இமைக்கு வந்த பிறகுதான் ஸ்டீராய்டு இல்லாத மேற்பூச்சுகளைத் தேட ஆரம்பித்தேன். நான்கு வருடத்தில் வாங்கியது, எழுதிக் கொடுத்தது, பாதியில் தூக்கிப் போட்டது எல்லாம் சேர்ந்து ஒரு இழுப்பறை நிறைந்துவிட்டது. அந்த இழுப்பறைதான் இந்த விமர்சனம். சிவப்பு மறைந்ததா, தோல் பார்க்க அழகானதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அரிப்பு குறைந்ததா என்பது மட்டுமே என் அளவுகோல், அதுவும் ராத்திரி இரண்டரை மணிக்கு. பகல் அரிப்பை எதையாவது செய்து ஏமாற்றிவிடலாம். ராத்திரியில் தோல் சூடேறுகிறது, தோல் வழியாக நீர் அதிகமாக வெளியேறுகிறது, அழற்சியை அடக்க உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டான கார்ட்டிசால் நடுராத்திரியில்தான் அடிமட்டத்தில் இருக்கிறது. கவனத்தைத் திருப்பவும் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் தாக்குப்பிடிக்கும் மருந்துதான் மருந்து.

கணக்கு வைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கடந்த 24 மணி நேரத்தில் அரிப்பு உச்சத்தில் இருந்தபோது 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று தோல் மருத்துவர்கள் கேட்பார்கள். 4 புள்ளி குறைந்தால் சொல்லத்தக்க முன்னேற்றம் என்று மருந்து ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் எண்ணை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இந்த விஷயத்தில் தமிழ் கை கொடுக்கிறது. 1 முதல் 3 வரை 'ஊறல்'. அது பாட்டுக்கு ஊறும், கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். 4 முதல் 6 வரை 'நமைச்சல்'. துணிக்கு மேலேயாவது ஒரு தேய் தேய்க்காமல் இருக்க முடியாது. 7ஐத் தொட்டால்தான் 'அரிப்பு'. கரையான் மரத்தை அரிக்கிறது, ஆறு கரையை அரிக்கிறது, இது ஆளை அரிக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல் வைத்தவர்களுக்குக் கட்டாயம் எக்ஸிமா இருந்திருக்கும்.

ஸ்டீராய்டைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொழுந்துவிட்டு எரிகிற நேரத்தில் அதைவிட வேகமாக அணைக்கிற மேற்பூச்சை நான் பார்த்ததில்லை. இன்றும் என் இழுப்பறையில் ஒரு ட்யூப் உண்டு. பிரச்சினை அதை மாதக்கணக்கில், அதுவும் மெல்லிய தோலில் போடும்போது வருகிறது. இமையில் நீண்ட நாள் போட்டால் தோல் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். என் எக்ஸிமாவோ விருந்தாளி இல்லை, குடித்தனக்காரன். போகவே போகாத ஒருவனுக்குத் தினமும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட முடியுமா?

சரி, இழுப்பறையைத் திறக்கிறேன்.

மேல் தட்டில் இருப்பவை ஈரப்பதம் காக்கும் களிம்புகள். இவற்றை மருந்து என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் இவை இல்லாமல் மற்ற எதுவும் எனக்கு வேலை செய்ததில்லை. எக்ஸிமாத் தோல் ஓட்டைக் கூரை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் உறுத்தல் உள்ளே வரும். பலருக்கு ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்துக்கான மரபணுவிலேயே பழுது இருப்பதை 2006ல் கண்டுபிடித்தார்கள். ஆக, கூரையை முதலில் ஓரளவாவது அடைக்க வேண்டும். எதை வைத்து அடைப்பது என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். லோஷனா, க்ரீமா, ஜெல்லா, ஆயின்ட்மென்டா? 550 குழந்தைகளை வைத்து இந்த நான்கையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2022ல் வெளிவந்தது. எக்ஸிமாவை அடக்குவதில் நான்குக்கும் இடையே வித்தியாசம் இல்லை என்று முடிந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எது கைக்குப் பிடிக்கிறதோ, எதை அலுக்காமல் தினமும் பூசுவோமோ, அதுவே போதும்.

நான் பகலில் வாசனை சேர்க்காத சாதாரண க்ரீமும் ராத்திரியில் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியும் போடுகிறேன். ஜெல்லி அசிங்கமாகத்தான் இருக்கும். தலையணை உறை பிசுபிசுக்கும். திருத்துகிற தாளில் என் கட்டைவிரல் ரேகை எண்ணெய்க் காகிதம் மாதிரி பதிந்து, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரியும். அச்சகத்தில் என் பக்கங்களை அதை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: இப்படி எண்ணெய்ப் பசை ஊறிய துணி, தீப்பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. புகைபிடிப்பவர்களும் அடுப்பருகில் நிற்பவர்களும் கவனம்.

இந்தத் தட்டில் எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது. ஒன்று, யூரியா கலந்த க்ரீம். தடித்து வறண்ட குதிகாலுக்கு அருமையான சாமான். அதைச் சொறிந்து கீறலான முழங்கையில் பூசிவிட்டு அறைக்குள் குதித்தேன். களிம்பின்மேல் தப்பில்லை, இடம் தெரியாமல் போட்ட என்மேல்தான் தப்பு. இரண்டாவது, 'முற்றிலும் இயற்கை' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த ஒரு மூலிகைக் களிம்பு. பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் கழுத்து முழுக்கப் புதுத் தடிப்பு. வாசனைச் செடி எண்ணெய்கள் ஒவ்வாமை கிளப்புவதில் கெட்டிக்காரர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அட்டையில் 'இயற்கை' என்று பார்த்தால் என் கை தானாகச் சட்டைக்காலரை மூடிக்கொள்கிறது.

அடுத்த தட்டு, நரம்பை ஏமாற்றுகிறவர்கள். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தோலுக்குள் நடத்துகிற சண்டையில் இவர்கள் தலையிட மாட்டார்கள். 'அரிக்கிறது' என்ற தந்தி மூளைக்குப் போகாமல் தபால்காரனை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான்.

காலமைன் லோஷனைப் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரோஜா நிறம், பூசினால் குளிர்ச்சி, காய்ந்தால் சுண்ணாம்பு. வேர்க்குருவுக்குச் சரி. ஏற்கெனவே வறண்ட எக்ஸிமாத் தோலை இன்னும் வறட்டிவிடுகிறது. 10க்கு 2.

மென்தால் கலந்த க்ரீம் இன்னொரு ஆள். தோல் நரம்புகளில் குளிரை உணர்வதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. மென்தால் அந்த வாசலைத் தட்டுகிறது. உண்மையில் குளிர் எதுவும் இல்லை, ஆனால் மூளை குளிர் என்று நம்புகிறது, அந்த நேரத்துக்கு அரிப்பு பின்னுக்குப் போகிறது. என் நோட்டுக் கணக்குப்படி 6ல் இருந்த நமைச்சல் 3க்கு இறங்கி, நாற்பது நிமிடத்தில் திரும்ப 6. தோலில் வெடிப்போ கீறலோ இருந்தால் குளிர்ச்சிக்குப் பதில் எரிச்சல். கண்ணருகில் கூடவே கூடாது, இதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்தத் தட்டில் எனக்குப் பிடித்தது 1 சதவீதம் பிரமோக்ஸின் சேர்த்த லோஷன். பிரமோக்ஸின் ஒரு மரப்பு மருந்து. நரம்பு முனையைக் கொஞ்ச நேரம் ஊமையாக்கும். பூசி மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு வினோதமான அமைதி வரும். தோலைத் தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் அந்த நச்சரிப்பு இருக்காது. எனக்கு ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது. திரும்பத் தூங்கிப்போக அது போதும். எக்ஸிமாவைக் குணப்படுத்துகிறதா என்றால் இல்லை, ஒரு துளிகூட இல்லை. ஆனால் இரண்டரை மணிக்கு எனக்குக் குணம் வேண்டாம், தூக்கம்தான் வேண்டும். 10க்கு 6. 'அரிப்புக் களிம்பு' என்று விற்கிற எல்லாவற்றையும் இதேபோல நம்பிவிட வேண்டாம். அலர்ஜி மாத்திரையில் இருக்கிற ஆன்டிஹிஸ்டமின் மருந்தையே களிம்பாக்கி விற்பதும் உண்டு. அதைத் தோலில் தொடர்ந்து பூசினால் அதற்கே ஒவ்வாமை வரலாம். அதைவிட முக்கியம், அந்த மருந்து தடுக்கிற ஹிஸ்டமின் என்ற பொருளுக்கு எக்ஸிமாவின் அரிப்பில் சின்ன வேடம்தான். கொசு கடித்தால் வருகிற அரிப்பு வேறு, இது வேறு. இங்கே இன்டர்லூக்கின் என்ற தூதுப் பொருள்கள், முக்கியமாக 4, 13, 31 என்ற எண் கொண்டவை, நரம்பு முனையை நேரடியாகவே சீண்டுகின்றன. பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு 'அரிப்பு குறைந்தது' என்று நான் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. நான் மயங்கித் தூங்கியிருக்கிறேன், கை மட்டும் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. மகள் கேட்ட எலிச் சத்தம் அந்தக் காலத்தில்தான்.

இப்போது அடித்தட்டு. சண்டை நடக்கிற இடத்துக்கே போகிற மருந்துகள். மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியவை, நானாக வாங்கியது ஒன்றும் இல்லை.

டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. 1984ல் ஜப்பானில் த்சுகுபா மலைப்பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் கிடைத்த பொருள் இது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான T அந்த மலையின் பெயரிலிருந்து வந்தது. முதலில் உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையில், புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்தார்கள். 2000ன் கடைசியில் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கான களிம்பாக அனுமதி கிடைத்தது. 2 வயதிலிருந்து 15 வரை 0.03 சதவீதம், அதற்கு மேலே 0.1 சதவீதமும் போடலாம். எதிர்ப்பு அணுக்கள் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன் கால்சினியூரின் என்ற ஒரு விசையைத் திருப்ப வேண்டும். டாக்ரோலிமஸ் அந்த விசையைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு மாதிரி தோலை மெலிய வைப்பதில்லை. அதனால் இமைக்கும் கழுத்துக்கும் துணிந்து போகலாம்.

எனக்கு முதலில் எழுதிக் கொடுத்த மருத்துவர் 'தினம் இரண்டு வேளை' என்று மட்டும் சொன்னார். ராத்திரி பத்து மணிக்குச் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே இரண்டு முழங்கை மடிப்பிலும் தாராளமாக அப்பினேன். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் மெல்ல ஒரு வெதுவெதுப்பு. பத்தரைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தோலுக்கு ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்த மாதிரி இருந்தது. அரிப்பும் குறையவில்லை, எரிச்சலுக்கு அடியில் அதுவும் சேர்ந்து துடித்தது. பதினொன்றுக்கு எழுந்து போய்க் கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவினேன், அது இன்னொரு முட்டாள்தனம். ட்யூபை இழுப்பறையின் மூலையில் வீசி எட்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. 'எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

எட்டு மாதம் வீணாய்ப் போனது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எரியும்னு யாராவது சொன்னாங்களா?" இல்லை என்றேன். "எரியும். நாலஞ்சு நாள் எரியும். அப்புறம் எரியாது. அந்த நாலஞ்சு நாளைத் தாண்டாதவங்கதான் எனக்கு ஒத்துக்கலைன்னு சொல்றாங்க." ஆய்வுகளில் 0.1 சதவீதம் போட்ட பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எரிச்சல் இருந்தது என்பதை அப்புறம் படித்தேன். நரம்பு முனையில் சேர்த்து வைத்திருக்கிற சீண்டல் சரக்கை இந்த மருந்து முதலில் கொட்டவைக்கிறது, கொட்டித் தீர்ந்ததும் நரம்பு ஓய்ந்துபோகிறது என்று இதை விளக்குகிறார்கள். கடையைக் காலி செய்கிற நாளில் தெருவெல்லாம் தூசி பறக்கிற மாதிரி.

இந்தத் தடவை அவர் சொன்ன முறைப்படி செய்தேன். முதலில் ஐந்து நாள் ஸ்டீராய்டு போட்டுத் தீயை அடக்கினேன், புண்ணில்லாத தோலில் எரிச்சல் குறைவு. வெந்நீரை விட்டேன். குளித்து அரை மணி நேரம் கழித்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டும் படாமல் ஒரு படலம். அளவுக்கு விரல்நுனிக் கணக்கு வைத்துக்கொண்டேன். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும், அது விரல்களும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். முதல் தடவை நான் அப்பியது அதைப் போல மூன்று மடங்கு.

நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். முதல் நாள்: எரிச்சல் 6, அரிப்பு 7. மூன்றாம் நாள்: எரிச்சல் 4, நமைச்சல் 6. ஐந்தாம் நாள்: எரிச்சல் 1, நமைச்சல் 4. எட்டாம் நாள்: எரிச்சல் இல்லை, ஊறல் 3. பதினோராம் நாள் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. ஏனென்றால் நான் எழுந்திருக்கவே இல்லை. காலையில் என் மனைவிதான் சொன்னாள். வழக்கமாகத் தூக்கத்தில் அவள் காதில் நான் சொறிகிற சத்தம் விழுந்தால் கண்ணைத் திறக்காமலே "கை" என்பாள், நான் நிறுத்துவேன். அன்று ராத்திரி 'கை' சொல்ல வேண்டி வரவில்லையாம்.

இப்போது முழங்கையில் தினமும் போடுவதில்லை. அடங்கிய பிறகு, வழக்கமாகக் கிளம்புகிற இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். வராமல் பார்த்துக்கொள்வதற்கு இந்த முறையைத் தோல் மருத்துவர்கள் பரவலாகப் பரிந்துரைக்கிறார்கள். குறையும் சொல்ல வேண்டும். பிசுபிசுப்பு உண்டு. வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது என்கிறார்கள். மது அருந்தினால் சிலருக்கு முகம் குப்பென்று சிவக்கும். இமையில் போட்டால் உடம்புச் சூட்டில் உருகிக் கண்ணுக்குள் இறங்குகிறது. ஒருநாள் காலையில் ஒரு பத்து பக்கம் றகரமும் ரகரமும் ஒன்றாகவே தெரிந்தன. அந்தப் புத்தகத்தில் எத்தனை பிழை தப்பிப்போனதோ! எல்லாம் சேர்த்து 10க்கு 8.

அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற தாளைப் படித்துவிட்டு மருந்தையே மூடி வைத்தவர்கள் உண்டு. புற்றுநோய் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். 2006ல் அமெரிக்காவில் சேர்க்கப்பட்ட எச்சரிக்கை அது. உறுப்பு மாற்றத்துக்காக இதை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தவர்களிடம் பார்த்தது, விலங்குச் சோதனைகள், களிம்பு போட்ட சிலரிடம் அரிதாக வந்த செய்திகள் இவற்றை வைத்து எழுதியது. களிம்புதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று அதிலேயே இருக்கிறது. டாக்ரோலிமஸ் களிம்பு போட்ட கிட்டத்தட்ட 8,000 குழந்தைகளைப் பத்து ஆண்டு வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. எதிர்பார்க்கும் அளவுக்கு மேல் புற்றுநோய் வரவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாது என்றால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், பயந்து ஒளித்து வைக்காதீர்கள்.

இமைக்கு இப்போது பைமக்ரோலிமஸ் 1 சதவீத க்ரீம். அதே குடும்பம், கொஞ்சம் சாது. டாக்ரோலிமஸ் 0.1 சதவீதத்தின் வலு இதற்குக் கிடையாது. முழங்கையின் தடித்த தோலில் போட்டுப் பார்த்தேன், மலைமேல் மழை. ஆனால் இமை மாதிரி மெல்லிய இடத்துக்கு அந்தச் சாதுத்தனமே போதும். பிசுக்கு இல்லை, உருகவில்லை, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இமைக்கு 9, மற்ற இடங்களுக்கு 4.

கிரிசபோரோல் 2 சதவீதத்தின்மேல் எனக்கு அதிக ஆசை இருந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2020ல் மூன்று மாதக் குழந்தை வரை நீட்டித்தார்கள். மூலக்கூறில் போரான் அணு உண்டு. பி.டி.இ.4 என்ற நொதியைத் தடுத்து, அழற்சித் தூதுவர்களைக் குறைக்கிறது. அந்தப் பயமுறுத்தும் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் இதற்கு இல்லை. ஆறு வாரம் கழுத்தில் போட்டேன். பூசியதும் ஒரு சுருக், ஊசியால் கோலமிடுகிற மாதிரி பத்து நிமிடம். டாக்ரோலிமஸ் எரிச்சல் சில நாளில் விடைபெற்றது, இந்தச் சுருக் எனக்கு ஆறு வாரமும் வந்துகொண்டே இருந்தது. நமைச்சல் 6லிருந்து முதல் வாரத்திலேயே 4க்கு வந்தது, அங்கேயே நின்றும்விட்டது. லேசான எக்ஸிமாவுக்கு இது பொருந்தும் போலிருக்கிறது. முப்பது வருடப் பழைய தோலுக்கு 10க்கு 5.

நான் போட்டுப் பார்க்காதவற்றுக்கு மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் கேள்விப்பட்டதில் ஒன்று நாவில் நீர் ஊற வைக்கிறது: ரக்ஸோலிடினிப் 1.5 சதவீத க்ரீம். ஜேக் என்ற நொதிகளைத் தடுக்கிறது, அதாவது அந்த இன்டர்லூக்கின்கள் கொண்டுவரும் செய்தி உள்ளே போகிற கம்பியையே அறுக்கிறது. முதல் பூச்சிலிருந்து 12 மணி நேரத்துக்குள் அரிப்பு குறைந்ததை ஆய்வுகளில் பார்த்தார்கள். அதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை உண்டு, உடம்பின் 20 சதவீதப் பரப்புக்கு மேல் போடக் கூடாது, விட்டுவிட்டுக் குறுகிய காலத்துக்கே போட வேண்டும். என் மருத்துவர் அம்மா, "உங்களுக்கு டாக்ரோலிமஸே பேசுதே, அதை ஏன் மாத்தணும்?" என்றார். நியாயம்தான். ரோஃப்ளுமிலாஸ்ட், டாபினரோஃப் என்று இன்னும் இரண்டு க்ரீம்கள் 2024ல் எக்ஸிமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கின்றன. டாபினரோஃபின் மூலமும் ஒரு பாக்டீரியாதான், மண்புழு இல்லை, மண்ணில் வாழும் நூற்புழுவோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகிற பாக்டீரியா. தோல் அரித்தால் மண்ணைத் தோண்டு என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் போல.

ஒரு விபத்தையும் எழுதிவிட வேண்டும். போன வருடம் முழங்காலுக்குப் பின்னால் நீர் கசிந்து, மஞ்சள் நிறத்தில் தேன் காய்ந்த மாதிரி பொருக்கு கட்டியது. அரிப்பு 8. வழக்கமாகக் கிளம்புகிற எக்ஸிமாதானே என்று டாக்ரோலிமஸ் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் கால் மடக்க முடியவில்லை. கிருமித் தொற்று. எதிர்ப்பு சக்தியை அடக்குகிற களிம்பைத் தொற்றின்மேல் போடுவது திருடன் வந்த வீட்டில் காவலாளியைத் தூங்க வைப்பது. முதலில் தொற்றுக்கு மருந்து, அது ஆறிய பிறகுதான் இது. காய்ச்சலோடு, துளைபோட்ட மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும், அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம்.

இவ்வளவு ட்யூப்களைச் சொன்னேன், இரண்டரை மணிக்குக் கை முதலில் தேடுவது ட்யூபை இல்லை. ஃப்ரிட்ஜில் கதவோரம் ஒரு ஸ்டீல் ஸ்பூன் நிரந்தரமாக இருக்கிறது. அதன் முதுகை மடிப்பில் வைத்து அழுத்தி, சூடேறியதும் மறுபக்கம். இரண்டு நிமிடம். ஐஸை நேராக வைத்தால் தோல் புண்ணாகும், ஸ்பூன் அளவாகக் குளிரும். அதற்கும் அடங்காவிட்டால் பிரமோக்ஸின். அதற்கும் அடங்காமல் இரண்டு ராத்திரி போனால் வாரம் இரண்டு நாள் என்பதைத் தினமும் என்று மாற்றுகிறேன்.

வீட்டில் மற்றவர்கள் அந்த ஸ்பூனைத் தொடுவதில்லை. மகள் அதன் காம்பில் பேனாவால் ஒரு எலி வரைந்து வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரி நோட்டில் இருப்பது: 2.40, வலது முழங்கை, 3, ஊறல்தான். ஸ்பூன் போதும். சொறியவில்லை. சரி, கொஞ்சம் தேய்த்தேன்.